ஐம்பத்து மூன்று வயதுக் கணக்கு

கேள்வி: எனக்கு 29 வயது. 13 வயதில் கழுத்தில் கட்டி வந்து, அது ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். கீமோதெரபியும் பிறகு கதிர்வீச்சும் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகள் தவறாமல் பரிசோதனைக்குப் போனேன். 19 வயதில், “நீ குணமாகிவிட்டாய், இனி வர வேண்டாம்” என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு பத்து ஆண்டுகளாக எந்த மருத்துவரிடமும் இதைப் பற்றிப் பேசியதில்லை. திருமணமாகி ஓராண்டு ஆகிறது. குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று கணவர் சொல்கிறார். இந்த நேரத்தில்தான், சிறுவயதில் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களில் 100க்கு 23 பேர் 40 ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று படித்தேன். 13உடன் 40ஐக் கூட்டினால் 53. அடுத்த ஆண்டே குழந்தை பிறந்தாலும், எனக்கு 53 ஆகும்போது அதற்கு 23 வயதுதான் ஆகியிருக்கும். இந்தக் கணக்கை இரவில் எத்தனை முறை போட்டேன் என்று தெரியவில்லை. அம்மாவிடம் பேச்செடுத்தால், “அது முடிந்துபோன கதை” என்று எழுந்து போய்விடுகிறார். அவருடைய அலமாரியிலிருந்து பழைய காகிதங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். சில மாதங்களாக எப்போதும் களைப்பாகவே இருக்கிறது. நான் எவ்வளவு காலம் இருப்பேன்? குழந்தை பெற்றுக்கொள்வது சரியா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு முறையும், அதனுடன் வந்த படங்களை மூன்று முறையும் படித்தேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்களைத் தூங்கவிடாத அந்த எண்ணை எடுத்துக்கொள்வோம்.

அது பொய்யில்லை. 2023இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970 முதல் 1999 வரை, 21 வயது நிரம்பும் முன்பே புற்றுநோய் கண்டு, அதன் பிறகு ஐந்து ஆண்டுகளைத் தாண்டியவர்கள் 34,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்தார்கள். நோய் கண்ட நாளிலிருந்து 40 ஆண்டுகளில் ஏதாவது ஒரு காரணத்தால் இறந்தவர்கள் 23.3 சதவீதம். நீங்கள் படித்தது சரி. கூட்டல்தான் சரியில்லை.

ஏன் என்று பார்ப்போம். அந்த 34,000 பேர் ஒரே நோய்க்காரர்கள் அல்ல. மூளைக் கட்டி, எலும்புப் புற்று, ரத்தப் புற்று, சிறுநீரகக் கட்டி என எல்லாரும் ஒரே கூடையில் இருக்கிறார்கள். இறந்தவர்களில் கணிசமானோரைக் கொண்டுபோனது பழைய நோயே திரும்பி வந்ததுதான். சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகும் நோய் திரும்புவது உண்டு. ஆனால் ஆண்டுகள் ஏற ஏற அது அரிதாகிவிடும். உங்களுக்கு நோய் வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. அந்த 23இல் நோய் திரும்பி இறந்தவர்களின் பங்கு பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே கடந்து வந்த பாதையில் நடந்தது. கடந்த மைல்கற்களையும் சேர்த்துப் போக வேண்டிய தூரத்தைக் கணக்கிட்டால் விடை எப்படிச் சரியாக வரும்?

இன்னொன்று: 40 ஆண்டுகள் என்பது நீண்ட காலம். புற்றுநோயே வராத 100 பேரைப் பின்தொடர்ந்தாலும் அதற்குள் சிலர் இறந்திருப்பார்கள். அந்தச் சிலரும் இந்த 23இல் அடக்கம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, 40 ஆண்டு முடிவைக் காட்ட வேண்டுமென்றால் 40 ஆண்டுக்கு முன்பு சிகிச்சை பெற்றவர்களைத்தான் பார்க்க முடியும் என்பது. 1970களில் உங்கள் நோய்க்குக் கழுத்து, அக்குள், நெஞ்சு முழுவதையும் போர்வை போர்த்தியதுபோல மூடிக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். அளவு 36 முதல் 44 கிரே (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை போகும். நோய் போயிற்று, பலரின் இதயமும் அதோடு பழுதாயிற்று. அதைப் பார்த்துத்தான் பிறகு வந்தவர்கள் அளவைக் குறைத்தார்கள், பரப்பைச் சுருக்கினார்கள், சிலருக்குக் கதிர்வீச்சையே விட்டுவிட்டார்கள். அதன் பலனும் கணக்கில் தெரிகிறது. இதே குழுவினரை வைத்து 2016இல் வந்த ஆய்வு, ஐந்து ஆண்டுகளைத் தாண்டியவர்களில் அடுத்த 15 ஆண்டுகளில் இறந்தோர் விகிதத்தைப் பார்த்தது. 1970களின் தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 12.4 சதவீதம், 1990களில் பெற்றவர்களில் 6 சதவீதம். பாதிக்கும் கீழ். அந்தச் சரிவில் ஹாட்ஜ்கின் லிம்போமாக்காரர்களுக்கும் பங்குண்டு. நீங்கள் அதற்கும் பிறகு சிகிச்சை பெற்றவர்.

ஆகவே 53 என்பது உங்கள் எண் இல்லை. அது எவருடைய எண்ணும் இல்லை. 100 பேரில் 77 பேர் 40 ஆண்டுகளைத் தாண்டினார்கள் என்று அதே வரியை எழுதியிருந்தால் நீங்கள் இரவில் எழுந்து உட்கார்ந்திருக்க மாட்டீர்கள்.

இத்தோடு நிறுத்தினால் நான் உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பியவன் ஆவேன். அதைத்தான் உங்களுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்துவிட்டார். “நீ குணமாகிவிட்டாய், இனி வர வேண்டாம்” என்ற வாக்கியத்தின் முற்பாதி உண்மை. பிற்பாதி தவறு. நோய் போய்விட்டது, ஆனால் அதை விரட்டப் பயன்படுத்தியவை உடம்பில் எங்கெல்லாம் பட்டனவோ அங்கெல்லாம் ஒரு வேலையை விட்டுவிட்டுத்தான் போயிருக்கின்றன. அந்த வேலை 10, 20, 30 ஆண்டுகள் கழித்துத் தெரியவரும். அதே ‘லான்செட்’ ஆய்வில், 40 ஆண்டுகளைத் தாண்டியவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாக நேர்ந்த மரணங்களுக்குக் காரணமாக இருந்தவற்றில் முதல் மூன்று: புதிதாக வந்த வேறொரு புற்றுநோய், இதய நோய், பக்கவாதம். பழைய நோய் அந்த மூன்றில் இல்லை. மூன்றுமே முன்கூட்டியே தேடினால் பிடிபடக்கூடியவை, அல்லது தள்ளிப்போடக்கூடியவை. தேட ஆளில்லாமல் போவதுதான் ஆபத்து.

எனக்கு இதில் நெடுநாள் கோபம் உண்டு. குழந்தை மருத்துவர் 18, 19 வயதில் கோப்பை மூடிவிடுவார். பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் அந்தக் கோப்பு போகாது. நடுவில் ஒரு பள்ளம், அதில் விழுபவர்கள் உங்களைப் போன்றவர்கள். 30 வயதுக்காரர் மூச்சு வாங்குகிறது என்று வந்தால், அவர் நெஞ்சில் ஒரு காலத்தில் கதிர் பாய்ந்தது என்று தெரியாத மருத்துவர், “இந்த வயதில் இதயத்துக்கு என்ன வரப்போகிறது” என்று திருப்பி அனுப்புவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவருக்கே தெரிவதில்லை. 2002இல் வந்த ஓர் ஆய்வில், தாங்கள் பெற்ற சிகிச்சையால் பிற்காலத்தில் கடுமையான உடல்நலப் பிரச்சினை வரலாம் என்று அறிந்திருந்தவர்கள் 35 சதவீதம் மட்டுமே.

இப்போது உங்கள் காகிதங்களுக்கு வருகிறேன். உங்களுக்கான கணக்கு கட்டுரையில் இல்லை, இவற்றில்தான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பியதில் மூன்றாவது படம், மடிப்பில் கிழிந்து ஒட்டுப் போட்ட ஒரு தாள். மேலே ‘உடற்பரப்பு 1.2 சதுர மீட்டர்’ என்று எழுதியிருக்கிறது. கீழே மருந்துப் பட்டியல். டாக்ஸோரூபிசின் என்ற பெயருக்கு எதிரே ‘30 மி.கி.’ என்று எழுதி, பக்கத்தில் தேதியும் ஒரு சரிக்குறியும். அப்படி எட்டு வரிகள். ஏழாவது வரியில் மட்டும் தேதி அடிக்கப்பட்டு, சிவப்பு மையில் ‘காய்ச்சல், ஒரு வாரம் தள்ளிவைப்பு’ என்று இருக்கிறது. எட்டாவது வரியின் சரிக்குறி மற்றவற்றைவிடப் பெரிதாக, கோட்டுக்கு வெளியே போகிறது. போட்ட செவிலியருக்கும் அன்று மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும்.

கணக்கு இதுதான். 30 மில்லிகிராமை 1.2ஆல் வகுத்தால் 25. ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 25 மில்லிகிராம். எட்டு முறை. மொத்தம் 200. உங்கள் வாழ்நாளில் நினைவில் வைத்திருக்க வேண்டிய முதல் எண் 53 அல்ல, இந்த 200. இரண்டாவது எண் ஐந்தாவது படத்தில் இருக்கிறது: கழுத்துக்கும் நடு நெஞ்சுக்கும் 21 கிரே. இந்த இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்ஸோரூபிசின் செந்நிறத் திரவம். நரம்பில் ஏறுவதைப் பார்த்த நினைவு உங்களுக்கும் இருக்கும். லிம்போமாவை அழிப்பதில் கெட்டிக்கார மருந்து. ஆனால் இதயத் தசை அணுக்களையும் சேதப்படுத்தும். தோல் போலவோ குடல் உட்சுவர் போலவோ இதயத் தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில்லை. போனது போனதுதான். மீதமிருக்கும் அணுக்கள் கூடுதல் சுமையை ஏற்றுப் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வேலை செய்யும். பிறகு ஒரு நாள், அல்லது ஒரு பெரிய சுமை வரும்போது, தளரும். எல்லாருக்கும் தளர்வதில்லை. ஆபத்து மொத்த அளவைப் பொறுத்தது.

சர்வதேச வழிகாட்டுதல்களில் இதற்கு வரம்புகள் இருக்கின்றன. சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் அதிக ஆபத்து. 100க்கு மேல் 250க்குக் கீழ் என்றால் நடுத்தரம். 100க்கும் குறைவென்றால் வழக்கமான எக்கோவே (ஒலியலைகளால் இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை) தேவையில்லை. உங்கள் 200ஐ மட்டும் பார்த்தால் நடுத்தரம் என்று தோன்றும். கதிர்வீச்சிலும் அப்படியே: 30 கிரேயும் அதற்கு மேலும் அதிக ஆபத்து, 15 முதல் 30 வரை நடுத்தரம், உங்கள் 21 அதில்தான் விழும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிற மருத்துவர் “நடுத்தரம்தான்” என்று சொல்லிவிடக்கூடும். ஆனால் இந்த மருந்து 100ஐத் தாண்டி, கூடவே இதயத்துக்கு 15 கிரேயோ அதற்கு மேலோ கதிர்வீச்சும் சேர்ந்தால், அது அதிக ஆபத்துப் பிரிவு. இதற்காகத்தான் உங்கள் காகிதங்களை மூன்று முறை படித்தேன்.

நடைமுறையில் அதற்கு என்ன பொருள்? இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்கோ. அவ்வளவே. வலி கிடையாது, ஊசி கிடையாது, அரை மணி நேரத்தில் முடியும். இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் குறையத் தொடங்கினால், உங்களுக்கு மூச்சு வாங்குவதற்கு முன்பே எக்கோவில் தெரியும். அந்தக் கட்டத்தில் கொடுக்க மாத்திரைகள் இருக்கின்றன. கதிர் பட்ட இதயத்தில் வால்வுகளும் ரத்தக் குழாய்களும்கூட மற்றவர்களைவிட முன்னதாகக் கெடலாம் என்பதால், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் உங்கள் வயதில் யாரும் பார்க்காவிட்டாலும் நீங்கள் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைச் சலிப்பான அறிவுரை என்று தள்ளிவிடாதீர்கள். நான் சொன்ன ‘லான்செட்’ ஆய்விலேயே இன்னொரு முடிவும் இருந்தது. கட்டுரைகளில் அது தலைப்பாகவில்லை. புகைபிடிக்காமல், உடற்பயிற்சி செய்து, எடையைக் கட்டுக்குள் வைத்து, மதுவை அளவோடு நிறுத்தியவர்களிடமும், ரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ இல்லாதவர்களிடமும், உடல்நலக் காரணங்களால் நேரும் மரணம் 20 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தது. என்ன சிகிச்சை பெற்றிருந்தாலும் இந்த வித்தியாசம் தெரிந்தது. இது ஒப்பீடுதான், உத்தரவாதம் இல்லை. ஆனாலும் 13 வயதில் போட்ட ஊசியை இன்று யாரும் திரும்ப எடுக்க முடியாது. ரத்த அழுத்தத்தைக் குறைக்க முடியும்.

அடுத்து மார்பகம். இங்கே நான் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் மார்பகத் திசுவின் மீது கதிர் பட்டால், பிற்காலத்தில் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. அந்த அமெரிக்க, கனடா குழுவில், சிறுவயதில் நெஞ்சில் கதிர்வீச்சு பெற்ற பெண்களில் 50 வயதுக்குள் மார்பகப் புற்று வந்தவர்கள் ஏறத்தாழ 30 சதவீதம். மரபணுக் குறையால் வரும் மார்பகப் புற்றின் ஆபத்துக்கு இணையான எண் இது. அவர்களில் பலர் உங்களைவிட அதிக அளவு கதிர் வாங்கியவர்கள், ஆகவே இந்த 30ஐயும் எடுத்துக்கொண்டு கூட்டல் போடத் தொடங்காதீர்கள். ஆனால் ஆபத்து இல்லை என்று சொல்லும் அளவுக்கு 21 கிரே சிறிய அளவும் இல்லை. 10 கிரேயும் அதற்கு மேலும் நெஞ்சில் பெற்ற பெண்களுக்கு, 25 வயதில் அல்லது கதிர்வீச்சு முடிந்த எட்டாம் ஆண்டில், இரண்டில் எது பிந்தையதோ அப்போது தொடங்கி ஆண்டுதோறும் மார்பகப் பரிசோதனை வேண்டும் என்பது வழிகாட்டுதல். மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராமும் வேண்டும், எம்.ஆர்.ஐ.யும் வேண்டும். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராம் மட்டும் போதாது.

உங்கள் கணக்கில் அது 25 வயது. இப்போது 29. நான்கு ஆண்டுகள் தாமதம். உங்கள் தவறு இல்லை, ஆனால் ஐந்தாவது ஆண்டு ஆக்க வேண்டாம். மேமோகிராம் என்றதும், மறுபடியும் கதிரா என்று நீங்கள் பயப்படலாம். நியாயமான பயம்தான். ஒரு மேமோகிராமில் மார்பகத்தில் படுவது சில மில்லிகிரே. 21 கிரே என்பது 21,000 மில்லிகிரே. சமையலறைக் குழாயை அணைக்கட்டோடு ஒப்பிடுவது போல.

இப்போது களைப்பு. “சில மாதங்களாக எப்போதும் களைப்பாகவே இருக்கிறது” என்று கடிதத்தின் கடைசியில், ஒரு பொருட்டில்லாதது போல எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் கெட்டால் களைப்பு வரும், கவலையிலும் வரும். ஆனால் கழுத்தில் கதிர் வாங்கிய ஒருவர் களைப்பு என்று சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தைராய்டு. அந்தச் சுரப்பி சரியாகக் கதிர் பாய்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து அது மந்தமாவது மிகச் சாதாரணம். களைப்பு, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மாதவிலக்கு ஒழுங்கு தவறுதல் எல்லாம் அதன் அடையாளங்கள். டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று போதும். மந்தம் என்று தெரிந்தால் தினமும் ஒரு சிறு மாத்திரை. இந்த வாரமே செய்துவிடுங்கள். முடிவு சரியாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள், மருத்துவர் கழுத்தைக் கையால் தொட்டுக் கட்டி ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

நுரையீரலுக்கு அதிகம் சொல்லப்போவதில்லை. உங்கள் பட்டியலில் பிளியோமைசின் என்ற மருந்தும் இருக்கிறது, அது நுரையீரலைக் கொஞ்சம் விறைப்பாக்கலாம். ஒருமுறை சுவாசத் திறன் பரிசோதனை செய்து ஓர் அடிப்படை அளவை எடுத்து வையுங்கள். எப்போதாவது அறுவை சிகிச்சை என்றால், மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்தப் பெயரை அவசியம் சொல்லுங்கள். அதிக அளவு ஆக்ஸிஜன் கொடுப்பதில் அவர் கவனமாக இருப்பார். வீட்டில் யாராவது புகைபிடித்தால் வெளியே போகச் சொல்லுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

குழந்தைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் கேள்விக்குறி போட்டிருந்தது ஆயுளுக்கு, ஆனால் எழுதும்போது மனத்தில் இருந்தது குழந்தை என்றே எனக்குத் தோன்றுகிறது.

காகிதத்தில் உள்ள நான்கு மருந்துகளும் கருப்பையையும் சினைப்பையையும் பெரிதாகத் தாக்கக்கூடியவை அல்ல. சினைப்பையைக் கெடுக்கும் வேறு மருந்துகள் இருக்கின்றன, அவை உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. கதிரும் வயிற்றுப் பக்கம் போகவில்லை. எனவே கருத்தரிப்பதில் இந்தச் சிகிச்சையால் பெரிய தடை இருக்க வாய்ப்பு குறைவு. பிறக்கும் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்ற பயமும் உங்களுக்குள் இருக்கலாம், நீங்கள் எழுதவில்லை. சிறுவயதில் கீமோவும் கதிர்வீச்சும் பெற்றவர்களின் பிள்ளைகளிடம் பிறவிக் குறைகள் கூடுதலாக இருப்பதாகப் பெரிய ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. விழித்திரைப் புற்று போல மரபணு வழியாக வரும் சில நோய்களின் கதை வேறு. உங்களுடையது அந்த வகை இல்லை.

கவனிக்க வேண்டியது உங்கள் இதயம். கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி மடங்கு கூடும். நான் முன்பு சொன்ன ‘பெரிய சுமை’ இதுதான். கருத்தரிக்கும் முன் எடுக்கும் எக்கோவில் இதயம் சரியாக இயங்குகிறது என்று தெரிந்தால், கர்ப்ப காலத்தில் இதயம் தளரும் வாய்ப்பு மிகக் குறைவு. அப்போது இன்னும் தைரியமாக இறங்கலாம். குறை தெரிந்தாலும் கதவு மூடிவிட்டது என்று பொருளில்லை, இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய கர்ப்பம் என்று பொருள்.

வரிசையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் தவறுகிறார்கள். முதலில் டி.எஸ்.எச்., ஏனென்றால் தைராய்டு மந்தமாக இருந்து கவனிக்காமல் விட்டால் கருவைப் பாதிக்கும். அதோடு எக்கோ. பிறகு மேமோகிராமும் எம்.ஆர்.ஐ.யும், இரண்டையும் கருத்தரிக்கும் முன்பே. மார்பக எம்.ஆர்.ஐ.க்கு நரம்பில் செலுத்தும் சாய மருந்தைக் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பார்கள். “குழந்தை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம்” என்று விட்டால் கர்ப்பம், பாலூட்டல் என்று இரண்டு ஆண்டுகள் ஓடிவிடும். ஏற்கெனவே நான்கு போயிற்று.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன பரிசோதனைகள் இந்த வாசகியின் 200க்கும் 21க்கும் உரியவை. ரத்தப் புற்று வந்து குறைந்த அளவு மருந்தோடு, கதிர்வீச்சு இல்லாமல் தப்பியவருக்கு இவற்றில் பாதிகூடத் தேவைப்படாது. மூளையில் கதிர் வாங்கியவருக்கு ஹார்மோன்களையும் மூளை ரத்தக் குழாய்களையும் பார்க்க வேண்டும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைப் பெற்றவர் காதையும் சிறுநீரகத்தையும். மண்ணீரலை எடுத்தவருக்கு சாதாரணக் காய்ச்சலே அவசரம். அடுத்தவரின் பட்டியலை நகலெடுக்காமல் உங்கள் காகிதத்தைத் தேடுங்கள். என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர் எங்கே, எத்தனை கிரே, எந்த அறுவை சிகிச்சை. இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்தால், புற்றுநோய் மருத்துவர் ஒருவர் மீதியை எழுதித் தருவார். சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டாலும் பழைய பதிவுகள் பல நேரம் கிடைக்கும். ஆண்டுகள் போகப் போக அவை அழிக்கப்படலாம் என்பதால் தாமதிக்காதீர்கள்.

மீண்டும் உங்களிடம். எவ்வளவு காலம் இருப்பேன் என்று கேட்டீர்கள். மருத்துவர் யாரும் இதற்கு ஓர் எண் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் வயதுப் பெண்களைவிட உங்களுக்கு ஆபத்து கூடுதல், அது உண்மை. பழைய குழுவில் சிறுவயதுப் புற்றிலிருந்து பிழைத்தவர்களின் இறப்பு விகிதம் அதே வயதினரைப் போல எட்டு மடங்குக்கு மேல் என்றுகூட ஓர் ஆய்வு உண்டு, இணையத்தில் தேடினால் அதுவும் உங்கள் கண்ணில் படும். 30 வயதுக்காரர்கள் இறப்பது மிக அரிது. மிகச் சிறிய எண்ணை எட்டால் பெருக்கினாலும் வருவது சிறிய எண்தான். அடுத்த ஆண்டு நீங்கள் இருப்பதற்கான வாய்ப்பு, இல்லாமல் போவதற்கான வாய்ப்பைவிடப் பல மடங்கு அதிகம். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. குழந்தை பெற்றுக்கொள்வது சரியா என்பதற்கு, எக்கோ சரியாக இருந்தால், மருத்துவராக என் பதில்: சரி.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் எழுந்து போவதைப் பார்த்து, அவர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். முடிந்துபோன கதை என்று சொல்பவர், 16 ஆண்டுகளாக அந்தக் காகிதங்களைத் தூக்கி எறியவில்லை. கிழிந்த மடிப்பை ஒட்டியிருக்கிறார். உங்களுக்கு 13 வயது, தூங்கியிருப்பீர்கள். அந்தச் சிவப்பு மைக் காய்ச்சல் இரவில் விழித்திருந்தவர் அவர்.

எனக்கு இன்னும் ஒரு தாள் வேண்டும். நீங்கள் அனுப்பிய ஐந்தாவது படத்தின் கீழே ‘பின்பக்கம் பார்க்க’ என்று எழுதியிருக்கிறது. பின்பக்கத்தைப் படமெடுக்கவில்லை. பொதுவாக அங்கே ஓர் உடம்பின் கோட்டுப் படம் வரைந்து, கதிர் பாய்ந்த பகுதியைக் கட்டம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அக்குள் அந்தக் கட்டத்துக்குள் வந்ததா, இதயத்தின் எவ்வளவு பகுதி வந்தது என்பது அதில்தான் தெரியும். இம்முறை அலமாரியை அவர் இல்லாதபோது திறக்காமல், அம்மாவிடமே கேட்டு வாங்குங்கள். முடிந்தால் மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தேதிகள் எல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.